புகைக்கு இரண்டு பெயர்

1

போன வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டி என் ஊருக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடினார்கள். கேக்கின் மேல் சர்க்கரைப் பாகால் ஜவ்வாது மலையை வரைந்திருந்தார்கள், பனி மூடிய சிகரத்தோடு. ஜவ்வாது மலையில் அப்படிப் பனி கொட்டாது என்று நான் சொல்லவில்லை. கேக் வாங்கி வந்தவரிடம் திருத்தம் சொல்லக் கூடாது என்பது, பத்தொன்பது வருஷ ஜெர்மனி வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று.

ஒரு வயதானது ஊருக்கு அல்ல, ஊரில் நிற்கும் ஒரு பெட்டிக்கு. ஆள் உயரம், வெள்ளை நிறம், தலையில் சாய்வாக ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக ராப்பகலாக வானத்தை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அடித்துக்கொண்டே இருக்கும். மேலே போகும் ஒளி தூசியிலோ புகையிலோ மேகத்திலோ பட்டுத் துளி அளவு திரும்பி வரும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து உயரம் தெரியும். எவ்வளவு திரும்பியது என்பதை வைத்து அடர்த்தி தெரியும். மேகத்தின் நீர்த்துளி உருண்டையாக இருப்பதால் ஒளி போனது போலவே திரும்பும். தூசி கரடுமுரடாக இருப்பதால் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பும். புகை இரண்டுக்கும் நடுவில்.

ஒரு பெட்டி தன் தலைக்கு மேல் இருப்பதை மட்டும்தான் சொல்லும். பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துப் பார்த்தால்தான் எது எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று தெரியும். அதனால்தான் பல நாடுகளில் இப்படிப் பெட்டிகளை நிறுத்தி, ஒரு வலைப்பின்னலாகக் கட்டியிருக்கிறோம். அவை அனுப்பும் படங்களைப் பார்த்து மேகம், தூசி, புகை, தெரியவில்லை என்று பெயர் ஒட்டுவது என் வேலை. நாலு வார்த்தையில் பிழைப்பு ஓடுகிறது என்று யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

பெட்டியை மலையேற்றியது தனிக்கதை.

லேசர் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் சுங்கத்தில் ஒரு அதிகாரி, இதனால் விமானத்தைச் சுட முடியுமா என்று எழுதிக் கேட்டார். முடியாது என்று நான்கு பக்கத்துக்கு விளக்கினேன். முடியாது என்பதற்குச் சான்றிதழ் கேட்டார். இதுவரை எந்த விமானத்தையும் சுடாத பொருளுக்கு எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது என்று எங்கள் பிரிவுத் தலைவர் மார்த்தின் இரண்டு வாரம் யோசித்தார். கடைசியில் அவரே ஒன்று அடித்துக் கையெழுத்துப் போட்டார். அது செல்லுபடியானது.

ஜெர்மன் பக்கமும் சளைத்ததில்லை. பெட்டி நிற்கும் முகவரியில் தெருப்பெயரும் கதவு எண்ணும் கட்டாயம். பெட்டி நிற்பதோ, ஜமுனாமரத்தூரில் பஸ் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் வரும் எங்கள் சாமைக் கொல்லையின் ஓரத்துப் பாறை மேல். "பாறைத் தெரு, 1" என்று எழுதினேன். உலக வரைபடத்தில் இன்றைக்கு அப்படி ஒரு தெரு இருக்கிறது.

காவலூர் வானாய்வகத்துக்குத் தொந்தரவு இல்லாத தூரமாகவும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் நட்சத்திரம் பார்ப்பவர்கள். அவர்களுக்கு மேகம் வந்தால் வேலை கெடும். எங்களுக்கு மேகம் வராவிட்டால் வேலையே இல்லை. ஒரே மலையில் இரண்டு கட்சி.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தினமும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அண்ணன் கோவிந்தனைச் சொன்னேன். எனக்கு ஏழு வயது மூத்தவர், ஐம்பத்து நாலு. சாமையும் புளியுமாகக் காலம் தள்ளுகிறவர். உறவினரை நியமிப்பதால் ஆதாயம் உண்டா என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. "மேகத்தில் உன் அண்ணனுக்கு என்ன ஆதாயம் இருந்துவிடப் போகிறது?" என்று சொல்லி மார்த்தின் கையெழுத்திட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் வீடியோவில் அண்ணன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எரியுதா இல்லியான்னே தெரியலியேம்மா. இன்னாத்த அடிக்குது இது?"

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்ண்ணா. கண்ணாடிய மட்டும் நேரா குனிஞ்சு பாக்காத."

"நூல் பிரியாத துணியால துடைக்கணும்னு சொன்னியே, அது எங்க விக்குது?"

"பழைய வேட்டி போதும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

3

இங்கே அண்ணனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால், சாமை விதைப்புக்குக் கொல்லையைச் சுத்தம் செய்ய யாரோ வைத்த நெருப்பு, காற்றில் தாவிக் காட்டுக்குள் போய்விட்டது. அணைக்க இரண்டு நாள் ஆனது. ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகு என் அண்ணன்தான் வீடு வீடாகப் போய், இனிமேல் யாரும் கொல்லையில் கொளுத்துவதில்லை, செடியை வெட்டித்தான் அகற்றுவது என்று சத்தியம் வாங்கினார். அவர் வாங்கிய சத்தியம் என்பதால்தான் ஊர் கேட்டது.

பெட்டி வந்த பிறகு முதல் மே மாதம். படங்களில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் மலைக்கு மேல் சிவப்புச் சிவப்பாகப் படலங்கள் தெரியத் தொடங்கின. புகை. ஒரு நாள் இல்லை, பல நாள். மார்த்தின் ஆண்டறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். "இம்மலையில் காற்று மாசுக்கு முதன்மைக் காரணம் விவசாயிகளின் எரிப்பு" என்று தொடங்கியது.

மார்த்தின் நல்ல மனிதர். யாரையும் குற்றம் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த அறிக்கை நம் ஊர் அதிகாரிகளுக்கும் போகும். அப்படி ஒரு வரி அச்சில் போய்ச் சேர்ந்தால் அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஜீப் மேலேறும்.

பெயர் ஒட்டும் முன் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். மலையடிவாரத்தில், சந்தவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூட மாடியில் எங்களுடைய இன்னொரு பெட்டி நிற்கிறது. அதே நாட்களில் அங்கே காலை பத்து, பதினொன்றுக்கே புகை தெரிந்தது. வெயில் ஏற ஏறச் சமவெளிக் காற்று மலைச் சரிவைப் பிடித்து மேலே வரும். அந்தக் காற்றோடு புகையும் ஏறி, மூன்று மணிக்கு எங்கள் பாறைக்கு மேல் வந்து நின்றிருந்தது. ஊர்க்காரர்கள் கொளுத்தவில்லை. ஊர்க்காரர்களின் தலைக்கு மேல் அடுத்தவர் புகை வந்து குடியிருந்தது, அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து மிச்ச நாட்களையும் பார்த்தேன். அங்கேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

காலை பதினோரு மணி. சந்தவாசலில் வானம் சுத்தம். மலையில் மட்டும், தரையிலிருந்து நேராக ஒரு சிவப்புத் தூண். நெருப்பு வெகு தூரத்தில் இருக்க முடியாது. கூப்பிடு தூரம்.

4

அந்தப் படத்தைப் பார்த்த மதியமே அண்ணனை வீடியோவில் அழைத்தேன். அங்கே சாயங்காலம். அவர் வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் என் மகள் மீனா இருந்தாள். பதினான்கு வயது. அவள் அப்பா யோர்க் ஜெர்மானியர். தமிழை அவள் வாரத்துக்கு ஒருமுறை போடும் சட்டை மாதிரி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தான் காணாமல் போயிருக்கும்.

"அண்ணா, போன ஞாயித்துக்கெழம காலைல நம்ம பக்கம் யாராச்சும் கொளுத்தினாங்களா?"

"யாரும் இல்லியே. இன்னா விசயம்?"

"பெட்டியில புகை தெரியுது."

"கீழேர்ந்து வந்திருக்கும்."

"கீழ அன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணா. நான் பாத்துட்டேன்."

அண்ணன் புளியை உடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு நின்று போனதைப் பார்த்து மீனா உதவிக்கு வந்தாள்.

"மாமா, உங்க மேல பகை இருக்கு. ரொம்பப் பகை. அம்மா கம்ப்யூட்டர்ல சிவப்பா இருக்கு."

சுத்தியல் அப்படியே நின்றது. "இன்னா பாப்பா சொல்ற? எம்மேல யாருக்குப் பகை?"

"புகைண்ணா, புகைன்னு சொல்றா," என்றேன் அவசரமாக.

"இப்பக்கி ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் அண்ணன். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அங்க குந்திக்கினு என்னையே பாத்துக்கினு கீறியா நீ?"

"உன்ன இல்ல. வானத்த."

"வானத்துல எம்பேரு எழுதிக்கீதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீனாவை உள்ளே போகச் சொன்னேன்.

"ஆமாம்மா. நான்தான்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "மேலண்டக் கொல்லையில உண்ணிச்செடி ஆள் உசரம் மண்டிப் போச்சு. பன்னி பூந்து உள்ளயே குட்டி போட்டுக்கீது. மூணு வாரமா ஆள் தேடறேன். இருக்கற பசங்க எல்லாம் காப்பி எஸ்டேட்டுக்குப் போய்ட்டாங்க. எனக்கு முட்டி மடக்க முடியல, குந்தி வெட்ட முடியல. சுத்தி மண்ணு ஒதுக்கிட்டு, காத்து இல்லாத நேரம் பாத்துத்தான் வெச்சேன். ஆள் இருந்தா நான் ஏன் கொளுத்தறேன்? நீயும்தான் ஒரு ஆளு. அங்க கீற."

நான் திரையில் அவர் முட்டியைப் பார்த்தேன்.

"அந்த ஒரு நாள மட்டும் அழிச்சிடு, காஞ்சனா. வூடு வூடா போய் சத்தியம் வாங்கினவன் நானு. வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள தல நிமிர முடியாது."

"பாக்கறேண்ணா," என்றேன். எந்த நாட்டு அலுவலகத்திலும் முடியாது என்பதற்கு இதுதான் மரியாதையான சொல். அண்ணன் அதை முடியும் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அழிப்பது சுலபம். "கண்ணாடி துடைக்கப்பட்டது" என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை ஒட்டினால் அந்த நேரத்துத் தரவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டே சொடுக்கு. துடைக்கிறவரும் அண்ணன்தான், சந்தேகம் வராது. இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறந்து திறந்து மூடினேன். மூன்றாம் நாள், "புகை, உள்ளூர்" என்று ஒட்டினேன். இந்த ஒன்றை அழித்துவிட்டால், மற்ற நாட்களின் புகை கீழேயிருந்து வந்தது என்று நான் சொல்வதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. இப்படி ஒரு நியாயத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

பெயர் ஒட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது.

எங்கள் அலுவலக மாடியிலும் ஒரு பெட்டி உண்டு. குளிர்காலச் சாயங்காலங்களில் அதன் தலைக்கு மேலும் சிவப்புப் படலம் படியும். நகரத்து வீடுகளில் எரியும் விறகு. லேசருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆனால் எங்கள் பெயர்ப் பட்டியலில் புகைக்குள்ளே உட்பெயர்கள் உண்டு; மலைப் புகைக்குப் பெயர் "விவசாய எரிப்பு". நகரத்துப் புகைக்குப் பெயர் "இல்லச் சூடாக்கம்". ஒன்று கேட்கும்போதே இருமல் வருகிறது. மற்றது கேட்கும்போதே காலுறை போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காரத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு விறகடுப்பு இருக்கிறது. யோர்க்குக்கு அது உயிர். வெப்பமாக்க வேறு வசதி இருந்தும், சனிக்கிழமை ஆனால் விறகு எரிந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கறுப்பு உடுப்போடு புகைபோக்கி ஆய்வாளர் வருவார். அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று இங்கே ஒரு நம்பிக்கை. பொறியியல் படித்த என் கணவர் தவறாமல் தொடுவார். ஆய்வாளர் ஒரு சான்றிதழ் தருவார். அதன்படி எங்கள் வீட்டுப் புகை சட்டப்படியான புகை. மேற்குக் காற்று அடித்தால் அது நேராக என் அலுவலகப் பெட்டிக்கு மேல் போகும். அங்கே அதற்கு நான்தான் இத்தனை வருஷமாக "இல்லச் சூடாக்கம்" என்று ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் இதைக் கிளப்பினேன்.

"அது வேறு, காஞ்சனா," என்றார் மார்த்தின். "மக்களுக்குக் குளிரும் அல்லவா?"

"அங்கே மக்களுக்குப் பசிக்கும்," என்றேன். கோபம் வந்தால் என் ஜெர்மன் காலை வாரிவிடும். அந்த மொழியில் புகைக்கு ரௌக், பழிவாங்கலுக்கு ராகெ. "புகை என்றால் புகைதான்" என்று மேசையைத் தட்டிச் சொல்ல வந்தவள், "பழி என்றால் பழிதான்" என்று சொல்லிவிட்டேன். மார்த்தின் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். மீனா யார் மகள் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

திருத்திச் சொன்னேன். ஆனால் அந்தப் பிழைக்கு இருந்த பலம் திருத்தத்துக்கு இல்லை. மூன்று கூட்டத்துக்குப் பிறகு இரண்டு புகைக்கும் ஒரே பெயர் முடிவானது: "தாவர எரிபுகை". அறிக்கையும் மாறியது. மலைமேல் தெரிந்த புகையில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து ஏறியது. உள்ளூர் நெருப்பு ஒரே ஒரு நாள் என்று அச்சானது.

6

நான் அழித்தேனா இல்லையா என்று அண்ணன் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்கும் வரை அவர் காத்திருக்கவும் இல்லை. ஜூன் மாதம் ஊர்க்கூட்டத்தில் தானே எழுந்து, "சத்தியத்த நானே ஒடச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் அண்ணி.

பக்கத்துக் கொல்லை அண்ணாமலைதான் முதலில் வாயைத் திறந்திருக்கிறான்.

"அன்னிக்கே தெரியும் மாமா. அவ்ளோ புகை. எங்களுக்குக் கண்ணு இல்லியா?"

"அப்பறம் ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னுதான் பாத்துக்கினு இருந்தோம்."

ஜெர்மனியில் நான் இரண்டு நாள் திறந்து திறந்து மூடிய ரகசியம் ஊரில் எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. லேசர் அதை எனக்கு மட்டும்தான் புதிதாகச் சொல்லியிருக்கிறது.

தண்டனையாக, மறுபடி வீடு வீடாகப் போய் சத்தியத்தைப் புதுப்பித்து வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முட்டி வலியோடு அண்ணன் நாலு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் அண்ணாமலையும் இன்னும் மூன்று பேரும் கொடுவாளோடு வந்து மிச்ச உண்ணிச்செடியை வெட்டித் தள்ளினார்கள். பன்றியும் குட்டிகளும் வெளியே வந்து அண்ணாமலையின் கொல்லைக்குள்ளேயே போய்ப் புகுந்துகொண்டன.

வருஷக் கடைசியில் அறிக்கை வந்ததும் அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். "உள்ளூர் நெருப்பு ஒரு நாள்" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். நான் அழிக்கவில்லை என்பது அவருக்கு இப்போது தெரிந்திருக்கும். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"ஒரு நாளா? தப்பும்மா. மூணு நாளு."

"மூணா?"

"அண்ணாமல ஒரு நாள் வெச்சான். மேல்வூட்டு லட்சுமி ஒரு நாள் வெச்சா. மாசத்துக்கு ஒருநாள் லைன் பாக்கறேன்னு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிறுத்துவாங்க இல்ல? அன்னிக்கு உன் பெட்டி தூங்கிடும். அது ஊருக்கே தெரியும். அது தெரியாத ஒரே ஆளு நான்தான், பெட்டிய பாத்துக்கறவன்."

"இத ஏண்ணா இத்தன நாள் சொல்லல?"

"நான் சொன்னப்பறம் அவங்களும் எழுந்து சொல்லிட்டாங்க. ஊருக்குள்ள தீந்து போச்சு. உனக்கும் சொல்லணும்னு தோணல."

தரவு இல்லாத அந்த இரண்டு நாட்களையும் பார்த்தேன். வெறும் வெள்ளை. வெள்ளையை நெருப்பில்லை என்று படித்தது நான்தான். ஒரு நாள் என்று நெஞ்சு நிமிர்த்திச் சண்டை போட்டவளும் நான்தான்.

"திருத்தம் போடட்டுமாண்ணா?"

"போட்டுக்கோ. ஆனா அவங்க பேரு வேணாம். நேர்ல பாத்தவன் நானுன்னு என் பேர வேணா போட்டுக்கோ."

7

திருத்தப் படிவத்தில் முதல் கேள்வி, எந்தக் கருவி கண்டது என்பது. லேசர், செயற்கைக்கோள், மற்றவை என்று மூன்று கட்டம். மற்றவையைத் தொட்டேன். கருவியின் வரிசை எண் கேட்டது. "நேரில் பார்த்தவர்" என்று எழுதினேன். எண் இல்லாமல் ஏற்க முடியாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. கோவிந்தன்-54 என்று அடித்தேன். பச்சை வந்தது.

மார்த்தின் அதைப் படித்து ஒப்புதல் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாரா, சும்மா கண் கூசியதா என்று இன்றுவரை தெரியவில்லை. உள்ளூர் நெருப்பு மூன்று நாள் என்று திருத்தம் வெளியானது. ஜீப் எதுவும் மேலேறவில்லை. மூன்று நாள் என்பது ஒருவரையும் அசைக்கவில்லை.

நாலு நாளுக்கு முன்னால் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்தது. "கோவிந்தன்-54 என்ற கருவி இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படவில்லை. பணியாளர் ஒருவர் நேரில் சென்று அது சரியாக இயங்குகிறதா என்று உறுதி செய்யாவிட்டால், வலைப்பின்னலிலிருந்து நீக்கப்படும்."

அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"அதுக்கு இன்னா பண்ணணுமாம்?"

"யாராச்சும் நேர்ல வந்து, பக்கத்துலயே கொஞ்ச நாள் இருந்து, ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணுமாம்."

அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"முட்டி மட்டும்தான் ரிப்பேரு," என்றார். "மத்ததெல்லாம் நீ வந்து பாரு."

பயண அனுமதிப் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் "கருவி பரிசோதனை" என்றும், நாட்கள் என்ற இடத்தில் மூன்று வாரம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெட்டியைப் பார்க்க மூன்று வாரமா என்று மார்த்தின் கேட்டார். கருவி கொஞ்சம் பழையது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். மீனாவும் வருகிறாளாம். சித்திரைக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். விதைப்புக்கு முன்னால் கொல்லையில் செடி வெட்ட அதுதான் சரியான நேரம்.